ஒழுங்கன் பூட்டிய கதவு

பதிவு 88
ஆடி 2, காலை 6:10

நிலவு நிலையம் நலம். காப்பறையில் வெப்பம் சரி, ஈரம் சரி, தகடுகள் சரி. காப்பாளர் திருமலைக்கொழுந்து, வயது ஐம்பத்தேழு, ஊர் தென்காசி, உடல் வலிமை மூன்று யானைக்குச் சமம்.

[ஆதாரம் தேவை – ஒழுங்கன்]

இதைப் பிற்காலத்தில் கண்டெடுக்கப்போகும் பெருமக்களே, மேலே மூக்கை நுழைத்திருப்பவன் ஆள் இல்லை; தானியங்கி. பொதுக்களஞ்சியம் என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைக் காலணா வாங்காமல் எழுதிவரும் கூட்டம் நாங்கள். ஆதாரம் இல்லாமல் எழுதினால் குறி போடவும், ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்றி, அவர் திரும்ப மாற்றி, இப்படி மூன்று முறை மோதினால் மோதினவரைத் தடைசெய்யவும் நாங்களே செய்துவைத்த காவல்காரன்தான் ஒழுங்கன்.

களஞ்சியம் முழுவதையும் நிக்கல் தகடுகளில் பொறித்து நிலாவில் ஒரு காப்பறையில் பத்திரப்படுத்த முடிவானபோது, நிலையத்துக்கென்று புதிதாக மென்பொருள் எழுத ஒருவருக்கும் நேரம் இல்லை. களஞ்சியத்தின் மென்பொருளையே, ஒழுங்கனோடு சேர்த்து, அப்படியே தூக்கி இங்கே மாட்டினார்கள். ஆகையால் இங்கே விளக்கு ஒரு பக்கம், விசிறி ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். 'கதவு' பக்கத்தில் 'மூடு' என்பதை அழித்து 'திற' என்று எழுதிச் சேமித்தால் கதவு திறக்கும். ஈப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்கூட என் கதவைத் திறக்கலாம்.

நான் எப்படி இங்கே வந்தேன்? கூட்டத்துக்கு வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் மரபு. வாக்கெடுப்பு நடந்த நாளில் நான் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். இரண்டாவது கரண்டி பாயசம் இலையில் விழும்போது போன் வந்தது. ஏகமனதாகத் தேர்வாம்.

இன்றைய அலுவல்: தேங்காய்ப் பால்பொடியில் சொதி. அடுப்பில் இளஞ்சூட்டில் இருக்கிறது. அடுத்து, கூழ் வடகம் பிழிந்து காயப்போடுதல். நிலையத்திலேயே மிக வறண்ட இடம் காப்பறைதான். மனித குலத்தின் அறிவு ஒரு பக்கம் இருக்கட்டும், மறுபக்கம் வடகம் காயட்டும்.

பதிவு 89
ஆடி 2, காலை 9:40

மாட்டிக்கொண்டேன்.

நடந்தது இது. வடகத் தட்டோடு காப்பறைக்குள் வந்தேன். ஈரம் புகுகிறதென்று ஒழுங்கன் கதவை மூடினான். இரண்டாம் தட்டு வெளியே இருந்தது; சுவர்த் திரையில் 'திற' என்று எழுதினேன். மூடினான். திறந்தேன். மூடினான். வடகத்துக்காக ஒரு தானியங்கியிடம் தோற்பதா? மறுபடி திறந்தேன். அறிவிப்பு வந்தது:

"தொகுப்புப் போர் கண்டறியப்பட்டது. பயனர் கொழுந்து ஒரு மாதத்துக்குத் தடைசெய்யப்படுகிறார். கதவு இனி 'மூடு' நிலையிலேயே வைக்கப்படும். மாற்றுபவர் எவராயினும் மூன்றாவது மாற்றத்தோடு தடைசெய்யப்படுவார்."

அறிவிப்பு வந்தபோது நான் உள்ளே இருந்தேன். கதவுக்குக் கைப்பிடி உண்டு. ஆனால் ஒழுங்கன் ஓடும்வரை மோட்டார் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

கையிருப்பு: அவசரக் காற்று உருளை ஒன்று, இரண்டு நாளைக்கு வரும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளியில் தண்ணீர். பச்சை வடகம் ஒரு தட்டு. காப்பறைக்குத் தனியாகக் காற்று வசதி இல்லை. தகடுகள் மூச்சு விடுவதில்லை பாருங்கள்.

பதிவு 90
ஆடி 2, நண்பகல் 12:05

தடைபட்டவனுக்கு மிச்சம் இந்தப் பதிவேடும், பிறரோடு எழுதிப் பேசும் அவனுடைய பேச்சுப் பக்கமும்தான். அதில் கூவினேன்: "ஏலே குணா! காப்பறைக்குள்ள அடைபட்டுக் கிடக்கேம்லே. எவனாவது அந்த ஒழுங்கனை நிறுத்துங்கலே!"

குணசீலன், ஈப்போ, எங்கள் நிர்வாகிகள் ஐவரில் ஒருவன், எழுதினான்: "மாமா, டென்ஷன் வேணாம் லா. நாங்க இருக்கோம். அந்த வடகத்த கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடுங்க."

பிறகு விசாரித்துச் சொன்னான். மீட்புக் கப்பல் வர மூன்று வாரம். ஒழுங்கனை நேரடியாக நிறுத்தக்கூடியவர் அவனை எழுதிய ஆராவமுதன் ஒருவரே. அந்த மகானுபாவர் தம் பயனர் பக்கத்தில் 'சிறு விடுப்பில் இருக்கிறேன்' என்று எழுதிவிட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

மிச்சம் ஒரே வழி. 'ஒழுங்கனை நிறுத்தலாமா?' என்று பொது உரையாடல் தொடங்க வேண்டும். ஏழு நாள் நடக்க வேண்டும். முடிவில், அதைப் பற்றி எங்கேயும் வாய் திறக்காத, கதவுப் பக்கத்தையும் தொடாத நிர்வாகி ஒருவர் முடிவை எழுதிச் சேமித்தால் ஒழுங்கன் தானே அடங்குவான். ஒரு நொடி முன்னதாக எழுதினாலும் ஏற்கமாட்டான்.

குணா தொடங்கிவிட்டான். ஆடி 9, நண்பகலில் முடியும். காற்று ஆடி 4 நண்பகலில் தீரும்.

இடைப்பட்ட ஐந்து நாளை நான் யோகத்தில் மூச்சடக்கி ஓட்டுவேன்.

[ஆதாரம் தேவை – ஒழுங்கன்]

பதிவு 91
ஆடி 3, மாலை 5:30

வரலாறு படைக்கப்பட்டது.

காயல்பட்டினத்துச் செய்யது மீரான் (கப்பல், படகு, நங்கூரம் பற்றிய கட்டுரைகள் எல்லாம் அவர் கைவண்ணம்) என் பேச்சுப் பக்கத்தில் எழுதினார்: "மாமா, கதவுப் பக்கத்துல நிண்டுக்கோங்க. மொத ஆளா நான் தொறக்குறேன். தடை போட்டா போடட்டும், ஒரு மாசம் நோன்புன்னு நெனச்சுக்குறேன்."

திறந்தார். கதவு ஒரு சாண் விலகியது. காற்று அடித்தது! கூடவே சொதி வாசமும் வந்தது. அடுப்பை அணைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது (பிறகு குணா 'அடுப்பு' பக்கத்தில் எழுதி அணைத்தான்). ஒழுங்கன் மூடிவிட்டான். வழியில் வடகத் தட்டைச் செருகினேன். அலுமினியத் தட்டை அப்பளம் மாதிரி நொறுக்கிவிட்டது. நானோ சாண் அளவு சந்தில் நுழைகிற உடம்புக்காரன் அல்லன்.

உள்ளே வந்த காற்றை அளவுமானியில் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குப் போதும்.

அதாவது ஒரு திறப்பு, ஒரு மணி நேர உயிர். ஒருவருக்கு மூன்று திறப்பு, பிறகு ஒரு மாதத் தடை. புதுக் கணக்குகளை ஒழுங்கன் நிலையத்துப் பக்கம் அண்டவிடுவதில்லை. ஆயிரம் தொகுப்பு, அதாவது ஆயிரம் திருத்தம், செய்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் முப்பத்தெட்டுப் பேர். பெருக்கிக் கழித்தால் கொஞ்சம் துண்டு விழுகிறது. "மெதுவா மூச்சு விடுங்க லா" என்கிறான் குணா. முறை வைத்துத் திறப்பதற்கு எல்லாருக்கும் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறான்.

பதிவு 92
ஆடி 5, பிற்பகல் 2:15

உருளை நேற்றே தீர்ந்தது. இப்போது நான் முழுக்க முழுக்கப் பொதுமக்கள் ஆதரவில் மூச்சு விடுகிறேன். சக்கரவர்த்திகளுக்கும் கிடைக்காத வாழ்வு.

மணிக்கொரு தரம் கதவு சாண் அளவு விலகும். பாய்ந்து போய்ச் சந்தில் முகத்தை வைத்துக்கொள்வேன். திரையில் திறந்தவர் பெயர் வரும். எத்தனை பெயர்கள்! கோவில் கல்வெட்டுகளை வாசித்துப் பதிவேற்றும் பட்டுக்கோட்டை இளவழுதி. பூச்சிகள் பற்றி மட்டுமே எழுதும் ஆஸ்லோ தர்சிகா. என்னோடு ஒரு காற்புள்ளிக்காக ஆறு மாதம் சண்டை போட்ட கூடலூர் பெனடிக்ட், திறந்துவிட்டுத் தொகுப்புக் குறிப்பில் எழுதியிருந்தார்: "காற்புள்ளி அங்கேதான் வரும். மூச்சை இழுத்துக்கொள்ளவும்."

இளவழுதிக்கு இன்று, ஆடி என்றும் பாராமல், தங்கை கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நொடியில் இவன் போனை எடுத்தான். கெட்டிமேளம் நின்றது. முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, "மொதல்ல கதவத் தொறடா அம்பி" என்றார்.

[ஆதாரம் தேவை – ஒழுங்கன்]

சரி, அவன் மண்டபத்துக்கு வெளியே போய்த் திறந்தான். அதுவும் பெரிதுதான்.

உரையாடலில் எல்லாரும் 'நிறுத்துக' என்றே எழுதியிருக்கிறார்கள். நிர்வாகிகள் நால்வர் நீள நீளமாகப் பேசியிருக்கிறார்கள். ஐந்தாமவர் மட்டும் வாயே திறக்கவில்லை. கதவையும் திறக்கவில்லை. குணா குறித்துக் கொடுத்த நேரத்தில் மூன்று முறையும் ஏமாற்றிவிட்டார்.

அவர் வவுனியா சிவயோகமலர் அம்மையார்.

சொதி திருநெல்வேலிச் சீமையின் சொத்து என்று நான் எழுத, யாழ்ப்பாணத்திலிருந்து போனது என்று அவர் மாற்ற, நான்கு வருடமாக அந்தக் கட்டுரையில் இரத்த ஆறு ஓடுகிறது. அதற்காக ஒரு மனிதனை நிலாவில் மூச்சு முட்டிச் சாக விடுவதா? அண்மைய மாற்றங்கள் பக்கத்தைப் பார்த்தேன். என் நுரையீரல் கசங்கிக்கொண்டிருந்த அதே வேளையில் அம்மையார் சொதிக் கட்டுரையில் ஒரு படத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தியிருக்கிறார்!

என் பேச்சுப் பக்கத்தில் அவரைப் பற்றி நான்கு பத்தி எழுதினேன். அவற்றைப் பொறிக்கத் தகடு தாங்காது.

பதிவு 93
ஆடி 7, காலை 4:50

வடகம் தீர்ந்தது. குளிர். கால் விரல்கள் என்னுடையவையா என்று சந்தேகம். கதவு விலகும்போது வருவது இப்போது வாசம் இல்லை. சொதி கெட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் இன்னும் கெடுகிறது. ஆனாலும் முகத்தை அங்கேதான் வைக்கிறேன்.

பெயர்கள் குறைகின்றன. மீரான் தடைபட்டார். இளவழுதி, தர்சிகா, பெனடிக்ட், எல்லாரும் தடைபட்டார்கள். இருபது வருடம் ஒரு நாள் தவறாமல் எழுதினவர்கள், ஒரு மாதம் ஒரு எழுத்தும் எழுத முடியாது. எனக்கு மூன்று மணி நேரம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு யோசனை வந்தது. கதவு நொறுக்க முடியாத பொருள் இந்த அறையில் ஒன்று உண்டு. நிக்கல் தகடு. சந்தில் ஒன்றைச் செருகினால் கதவு நிற்கும். தகடு வளையும், எழுத்து அழியும், நான் பிழைப்பேன். ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, ஒன்று போனால் என்ன?

ஒன்றை உருவினேன். நன்னீர் மீன்கள். பெரும்பாலும் எழுதியவர் பவானி வேலாயுதசாமி. ஆற்றங்கரையில் வலைக்காரர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதினவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து கெண்டையின் துடுப்பைப் பற்றி ஒரு வரி சேர்த்தார். அதோடு அவர் கணக்கு அசையவில்லை. தகட்டைத் திரும்ப வைத்தேன்.

சரி, என் கட்டுரைகள் மட்டும் இருக்கிற தகடு எங்கே என்று தேடினேன். அது போனால் கேட்பார் இல்லை. தேடினேன், தேடினேன். அப்படி ஒரு தகடு இல்லை. என் ஒவ்வொரு கட்டுரையிலும் பத்துப் பேர் கை வைத்திருக்கிறார்கள். என் புளுகுகளை வெட்டியிருக்கிறார்கள், படம் சேர்த்திருக்கிறார்கள், ஆதாரம் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். சொதியில் பாதிக்கு மேல் அந்த அம்மையாருடையது.

எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு வந்து கதவடியில் உட்கார்ந்திருக்கிறேன். முட்டாள்தனம்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மூச்சு முட்டுகிறது.

[ஆதாரம் தேவை – ஒழுங்கன்]

பதிவு 94
ஆடி 8, இரவு 7:20

பெனடிக்ட் தன் பேச்சுப் பக்கத்திலிருந்து கேட்டார்: "நாளை நண்பகலில் உரையாடலை முடித்துவைக்கப்போவது யார்?"

அரை மணி நேரம் எல்லாரும் விதிகளைத் திரும்பப் புரட்டினார்கள்.

பிறகு குணா: "மாமா, தப்பு பண்ணிட்டோம் லா. இதப் பத்தி எங்கயும் பேசாத, கதவத் தொடாத நிர்வாகிதான் முடிக்க முடியும். நாங்க நாலு பேரும் பேசிட்டோம். நாலு பேரும் தொறந்துட்டோம். அவசரத்துல யாருமே யோசிக்கல."

புரிகிறதா பெருமக்களே? என்னைக் காப்பாற்ற ஓடிவந்தவர்கள் எல்லாரும், ஓடிவந்த காரணத்தாலேயே, என்னை விடுவிக்கும் தகுதியை இழந்துவிட்டார்கள். அன்பு கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். இப்படி ஒரு பூட்டை எந்த ஆசாரியாலும் செய்ய முடியாது. நாங்கள் செய்திருக்கிறோம், உரையாடி, வாக்கெடுத்து, ஏகமனதாக.

மிச்சம் இருப்பது அம்மையார் ஒருவர். அவரைப் பற்றி நான் எழுதிய நான்கு பத்தி அங்கேயே இருக்கிறது. அழிக்கப் போனேன். விரல் மரத்திருந்தது. பாதியில் விட்டேன்.

மீரான் தன் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "யோகமலரக்கா, எங்க இருக்கீங்க? மாமாவுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேக்குறேன். ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் செய்தது இதுதான். அண்மைய மாற்றங்கள்: சொதிக் கட்டுரை. ஒரு காற்புள்ளி சேர்க்கப்பட்டது.

பதிவு 95
ஆடி 9, காலை 10:00

குணாவின் மூன்றாவது திறப்பு. கடைசித் திறப்பு. தொகுப்புக் குறிப்பு: "இதுக்கு மேல ஆள் இல்ல மாமா. படுத்துக்குங்க. பேசாதீங்க. எழுதவும் வேணாம்."

குணாவும் தடை.

ஒரு மணி நேரக் காற்று. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. படுத்துக் கிடந்தால் நீளும். எவ்வளவு என்று தெரியவில்லை.

எழுதாமல் இருக்க என்னால் ஆகாது. எழுதாமல் இருக்கத் தெரிந்தவன் இங்கே வந்திருப்பானா?

பதிவு 96
ஆடி 9, முற்பகல் 11:35

தலை கனக்கிறது. திரையில் எழுத்து இரண்டிரண்டாக.

அம்மையாரின் கட்டுரை வரலாற்றைப் பார்த்தேன். வேறு வேலை இல்லை. ஐந்து நாளும் மணிக்கொரு தொகுப்பு. கதவு திறந்த ஒவ்வொரு தரமும், அடுத்த நிமிடம், சொதியில் ஒரு சின்ன மாற்றம். புள்ளி. இடைவெளி. படம் இடம், படம் வலம். இரவும் பகலும். தூங்கவே இல்லை.

யார் இப்படி

நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இருக்கிறேன் இருக்கிறேன் என்று அங்கே புள்ளி வைத்துக்கொண்டே

[ஆதாரம் தேவை – ஒழுங்கன்]

அடே.

பதிவு 97
ஆடி 9, நண்பகல் 12:00

வந்தது. அப்படியே படியெடுக்கிறேன். இது அழியக் கூடாது.

"முடிவு: ஒழுங்கனை நிறுத்துவதென்று ஒத்தகருத்து எட்டப்பட்டது. முடித்துவைப்பவர்: சிவயோகமலர். கொழுந்து அண்ணை, என்னைப் பேசினதெல்லாம் வாசிச்சனான். நானும் ஒருக்கா திறந்திருந்தா இண்டைக்கு முடிச்சு வைக்க ஒருத்தரும் இருந்திருக்க மாட்டினம். இவையளுக்குச் சொல்லுவம் எண்டாலும், எங்கையாவது ஒரு சொல்லு எழுதினா ஒழுங்கன் என்னையும் சேர்த்து எண்ணியிருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு உங்கட மூச்சை எண்ணிக்கொண்டிருந்தனான். என்ர வாழ்க்கையிலயே பொல்லாத கிழமை இது. வெளியில வாங்கோ. வந்து சொதிக்கு ஆதாரம் தாங்கோ. நாலு வருசமாக் கேக்கிறன்."

சேமிக்கப்பட்டது என்று வந்திருக்கிறது. கதவு அசையவில்லை. விளக்கு எரிகிறது. ஒழுங்கன் அடங்கினானா? கேட்டால் சொல்லமாட்டான்.

சோதித்துப் பார்க்க ஒரே வழி.

சொதியைக் கண்டுபிடித்தவர் என் பெரியப்பா. தென்காசிச் சந்தையில் ஒரு வியாழக்கிழமை கண்டுபிடித்தார். கையோடு யாழ்ப்பாணத்துக்கு நீந்திப் போய்க் கற்றுக்கொடுத்தார். நிலாவில் முதலில் கால் வைத்தவரும் அவரே. வரும்போது ஒரு மூட்டை தேங்காய் கொண்டுவந்தார்.

காத்திருக்கிறேன்.

இன்னும்.

வரவில்லை.

இத்தனை பெரிய பொய்க்கு ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை.

விசிறிச் சத்தமும் நின்றுவிட்டது. அதையும் அவன்தான் ஓட்டிக்கொண்டிருந்தானா? எவ்வளவு அமைதி. விளக்கு மங்குகிறது. எல்லாம் இனி கையால்.

எழுந்துவிட்டேன். கைப்பிடியில் தொங்குகிறேன், இடது கையால் எழுதுகிறேன்.

இறங்குகிறது.

அம்மையாரே, மூன்று யானை என்று எழுதியதைத் திருத்திவிடுங்கள். ஒரு யானை. இல்லை, அரை

விலகுகிறது. ஒரு சாண். அப்பப்பா, என்ன நாற்றம், கெட்டுப்போன என் சொதி, இதைவிட இனிய

மூடவில்லை. யாரும் மூடவில்லை.

இரண்டு சாண். மூன்று சாண். தலையும் தோளும் வெளியே, இனி திரை எட்டா